கடலைத் தோண்டப் போகிறார்கள்

அரசாங்கம் சாலை போட்டால் அதில் கார் ஓட்டிப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் கட்டினால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், சாயம் உரிந்தால் திட்டவும் செய்யலாம். கடலை ஆழமாக்கப் பணம் ஒதுக்கினால் எதைப் போய்ப் பார்ப்பது? பினாங்குத் துறைமுகத்தில், வடக்கு பட்டர்வொர்த் பக்கம் கப்பல் வரும் தடத்தைத் தூர்வாரப் பட்ஜெட்டில் காசு வருகிறது என்று வானொலியில் சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு அமைச்சர் எங்கே நின்று ரிப்பன் வெட்டுவார் என்று அலுவலகத்தில் கேட்டேன். என் சீன முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, போய் வேலையைப் பார் என்றார்.

என் வேலையே துறைமுகத்தை நம்பித்தான். பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனி. பக்கத்து ஊரான பிறையின் தொழிற்சாலைகளிலிருந்து போகிற சரக்குப் பெட்டிகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிப்பது, கப்பலில் இடம் பிடிப்பது, லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவது. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவள். இன்னும் அதே மேசை. ஆனால் கப்பல்கள் ஏன் சில நாள் ஊருக்கு வந்தும் உள்ளே வராமல் வெளியே நிற்கின்றன என்று அத்தனை வருஷமும் எனக்குத் தெரியாது. "ஷிப் வந்துருச்சு, ஆனா வரல" என்று ஏஜெண்ட் சொல்வான். நானும் அதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லித் திட்டு வாங்குவேன். யாரோ தாள் சரிபார்க்கிறார்கள், அதனால்தான் தாமதம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்ஜெட் செய்திக்குப் பிறகு அந்த ஏஜெண்டைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். விஷயம் இவ்வளவுதான்: தண்ணீர் வற்றும் நேரத்தில் பெரிய கப்பல் உள்ளே வந்தால் அதன் அடிவயிறு சேற்றில் தட்டும். அதனால் கடல்நீர் ஏற்றம் வரும்வரை வெளியே காத்திருக்கிறது. ரொம்பப் பெரிய கப்பல்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. தெற்கே கிள்ளான் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. நம் பெட்டிகள் அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் வந்து சேர்கின்றன. பினாங்குக்கு மட்டும் இல்லை, கெடா, பெர்லிஸ் மாநிலங்கள், தாய்லாந்தின் தெற்குப் பகுதி எல்லாவற்றுக்கும் வாசல் இதுதான். வாசலில் சேறு மண்டிக் கிடக்கிறது, அதை வாரப் போகிறார்கள்.

வாரினால் போதுமா என்று கேட்டேன். போதாதாம். ஆறுகளிலிருந்து மண் வந்துகொண்டே இருக்கும், சில வருஷங்களில் மறுபடியும் நிரம்பிவிடும், மறுபடியும் வார வேண்டும். வீடு பெருக்குகிற மாதிரி, முடிகிற வேலையே இல்லை. எனக்கு இது ஏனோ மிகவும் பிடித்துப்போனது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் யார் பணம் கொடுப்பது? மத்திய அரசு என்றான் ஒருவன், துறைமுகம் நடத்துகிறவர்கள் என்றான் இன்னொருவன், எல்லாம் கடன்தான், கடைசியில் நம் தலையில்தான் என்றார் ஒரு லாரிக்காரர். இன்றுவரை எனக்கு அது முழுசாகத் தெளிவாகவில்லை. ஆனால் கேட்காமல் விட்டதில்லை. ஒரு விஷயம் பிடித்துவிட்டால் விடாமல் நோண்டுகிற குணம் எனக்கு. என் கணவர் இதற்கு "மூக்கு நுழைக்கிறது" என்று பெயர் வைத்திருக்கிறார்.

இந்த உற்சாகத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாமில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா நண்டு பிரட்டியிருந்தாள். நான் ஓட்டை உடைத்துக்கொண்டே கதையை ஆரம்பித்தேன். பெரிய பெரிய தூர்வாரும் கப்பல் வரும், கடலுக்கடியில் குழாயை விட்டுச் சேற்றை உறிஞ்சும், துறைமுகத்திலிருந்து வெளிக்கடல் வரை தோண்டிக்கொண்டே போகும் என்று கையை வீசி வீசிச் சொன்னேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அத்தான் அங்கதானடி இருக்காரு" என்றாள்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். துறைமுகத்தில் டக்போட்டில் வேலை. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும் முட்டித் தள்ளியும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சின்னப் படகு அது. சின்னது என்று சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், கடலில் மிதக்கிற மிதவைகளை "போயா" என்பார், ஒவ்வொரு போயாவையும் தெருவில் இருக்கிற வீடு மாதிரி அடையாளம் சொல்வார். ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அவருடைய அண்ணனும் டக்போட் நண்பர்களும் சேர்ந்து எல்லாம் செய்தார்கள். மறுநாள் சாம்பலையும் எலும்பையும் பொறுக்கிப் பானையில் வைத்து, படகில் கொண்டுபோய்க் கரைத்தார்கள். எங்கள் வீடுகளில் பெண்கள் அதற்குப் போவதில்லை. ஆண்கள் கிளம்பியதும் வீட்டைக் கழுவிவிட்டு, சமைத்துவைத்துக் காத்திருப்பது எங்கள் வேலை.

திரும்பி வந்தவர்களிடம் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எங்கே விட்டீர்கள் என்று. சேனலில், முதல் சிவப்பு போயாவுக்குப் பக்கத்தில் என்றார்கள். அதாவது கப்பல் தடத்தில், அத்தான் தினமும் வேலை பார்த்த இடத்தில். அக்காவுக்கு அது பெரிய ஆறுதல். அதற்குப் பிறகு ஒவ்வொரு திதிக்கும் அவள் எதிரே இருக்கிற பினாங்குத் தீவுக்குப் போகிற ஃபெர்ரியில் ஏறுவாள். நடுக்கடல் வந்ததும் வடக்குப் பக்கக் கம்பியருகே போய் நிற்பாள். அங்கிருந்து தூரத்தில் கப்பல் தடம் தெரியும். கைப்பையிலிருந்து உதிரிப்பூவை எடுத்து, பக்கத்தில் யாரும் பார்க்காத நேரமாகத் தண்ணீரில் போடுவாள். தீவுக் கரையில், வெல்டு கீயில் இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டு அடுத்த ஃபெர்ரியில் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் சில வருஷம் கூடப் போயிருக்கிறேன்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் நண்டு ஓட்டோடு அந்தக் கதையை அவளிடம் அளந்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அக்கா, சாம்பல் அன்னைக்கே கரைஞ்சிருக்கும். அலை எங்கெங்கயோ கொண்டு போயிருக்கும். இந்நேரம் லங்காவி தாண்டிப் போயிருப்பாருலா."

அவள் சிரிக்கவில்லை. "சாம்பல் கரையும்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் புள்ளையா? எலும்பு கரையுமா, அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அடியில் போய்ச் சேற்றில் புதைந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

"தோண்டுற மண்ண எங்க கொண்டு போவாங்க?" என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் கேட்டு அலைந்தவள் இதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன். "கடல்ல மண்ணைக் கொட்டித்தான இந்த ஊர்ல இடத்தப் பெருசாக்குறாங்க. கொண்டாந்து கொட்டி அவரு மேல கொண்டோ மாடி வீடு கட்டுவாங்களாடி?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அக்கா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து, தனியாக வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவள். எதற்கும் லேசில் கலங்க மாட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பிறகு தெரிந்தது, இப்படிக் கடலில் வேலை தொடங்கும் முன் பொதுமக்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைப்பார்கள் என்று. எங்கள் பக்கமும் ஒரு டேவானில், அதாவது சமூக மண்டபத்தில், வைத்தார்கள். நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரும்பாலும் மலாய், சீன மீனவர்கள். வலை போடுகிற இடம் போய்விடுமே என்ற கவலையோடு வந்திருந்தார்கள். பின்வரிசையில் சில கல்லூரிப் பிள்ளைகள். மேசை நிறையத் தின்பண்டம், மீகூனும் கரிபாப்பும். தமிழர் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தக் கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. ஓர் இளம் மலாய் அதிகாரி, தலையில் துடோங் முக்காடு அணிந்த பெண், திரையில் படம் படமாகக் காட்டி விளக்கினாள். தடம் எங்கே ஆழமாகும், கப்பல்துறையை எங்கே நீட்டுவார்கள், லாரிகள் ஊருக்குள் வராமல் போக எப்படிச் சாலை வரும், எந்தப் பகுதிக்குப் பணம் எப்போது வரும், எல்லாம் சொன்னாள். நான் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மீனவர் ஒருவர் எழுந்து, சேறு கலங்கினால் இறால் எங்கே போகும் என்று கேட்டார். நல்ல கேள்வி, நாமும் கேட்டிருக்கலாமே என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. நான் என் கேள்வியை நாகரிகமாக எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

தொழிற்சாலை மலாய்தான் அவளுடையது, ஆனால் தடுமாற்றமே இல்லை. என் கணவரின் எலும்பை அந்தத் தடத்தில்தான் விட்டிருக்கிறோம், நீங்கள் அள்ளுகிற மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று கேட்டாள். முன்வரிசை மீனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த அதிகாரி கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

அக்காவைப் புவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மண்ணைக் கரைக்குக் கொண்டுவர மாட்டோம், அதன் மேல் எதுவும் கட்ட மாட்டோம் என்றாள். கப்பலிலேயே ஏற்றி, தீவைத் தாண்டி, ஆழக்கடலில் அதற்கென்று குறித்த இடத்தில் விட்டுவிடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு, நல்ல எண்ணத்தில்தான், இன்னொன்றும் சொன்னாள். "எந்த இடம் என்று புவான் காட்டினால், அந்தப் பகுதியில் எப்போது வேலை தொடங்கும் என்று நான் கேட்டுச் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் ஏதாவது பிரார்த்தனை செய்துகொள்ளலாம்."

திரையில் கடலின் படம் இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். அவளுடைய நிழல் பாதிக் கடலை மறைத்தது. விலகி நின்று பார்த்தாள். விரலை ஓரிடத்தில் வைத்தாள், எடுத்தாள், கொஞ்சம் மேலே கொண்டுபோனாள், மறுபடியும் எடுத்துவிட்டாள். சிவப்பு மிதவைகளாகவே அதில் வரிசையாகக் குறித்திருந்தார்கள். எது முதலாவது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது?

"தெரியாது" என்றாள் மலாயில். "நான் போகலை. ஆம்பளைங்கதான் போனாங்க."

அவள் வந்து உட்கார்ந்தபோது முகம் சிவந்திருந்தது. எனக்கு அந்த நேரத்தில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது சொன்னாள்.

"பிறை அண்ணன்கிட்ட கேளு. அவருதான போட் ஓட்டுனாரு. சரியான எடத்தக் கேட்டுக்கிட்டு வா. எனக்கு ஷிப்ட் இருக்கு, இல்லன்னா நானே வருவேன்."

பிறை அண்ணன் என்பது அத்தானோடு அதே டக்போட்டில் எஞ்சின் பார்த்தவர். இப்போது ஓய்வு பெற்று, பிறையில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார். நான் போனபோது வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு உள்ளே திரும்பி மைலோ கலக்கச் சொன்னார். நான் கூட்டத்தில் கொடுத்த கடல் படத்தை மோட்டார் சைக்கிள் சீட்டில் விரித்துவைத்து, விஷயத்தைச் சொல்லி, "எந்த எடம்ணே, காட்டுங்க" என்றேன்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். விரல் நேராகத் தடத்துக்குப் போனது. அங்கே நிற்கவில்லை. அப்படியே தெற்கே இறங்கி, ஃபெர்ரி போகிற கோட்டைத் தாண்டி, பிறை ஆற்று வாயில் வந்து நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போகத்தாம்மா பாத்தோம்" என்றார். "என் மச்சான் போட். ஆத்துலேருந்துதான் எறங்கினோம். கடலுக்கு வந்த ஒடனே அந்த சுமத்ரா பக்கத்துப் புயல் காத்து புடிச்சுக்கிச்சு. மழைன்னா மழை, கண்ணு தெரியல. ஒங்க அத்தானோட அண்ணன் பானைய மடியில வச்சுக்கிட்டு வாந்தி எடுக்குறாரு, போட் ஆடுற ஆட்டத்துல பானையே வுழுந்துரும் போல இருக்கு. நாங்க கடல்ல கெடந்தவங்க, எங்களுக்குப் பரவால்ல. அவரு ஊர்லேருந்து வந்த மனுசன், நீச்சல்கூட தெரியாது. திருப்பிட்டோம். ஆத்து வாய்க்கு வந்தா தண்ணி அமைதியா இருந்துச்சு. அங்கயே விட்டுட்டோம்."

"அப்பறம் ஏண்ணே சேனல்னு சொன்னீங்க?"

"அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும்லா. மீன் போட் டீசலு, ஃபேக்டரி தண்ணி... அங்க விட்டோம்னு எப்படிம்மா சொல்றது? வாசல்ல நின்னு கேட்டுச்சு ஒங்க அக்கா. சேனல்ல விட்டோம்னு யாரோ சொன்னோம். நானாத்தான் இருக்கும். ஒரு வார்த்த ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னது. அது ஃபெர்ரியில போயி பூ போடும்னு யாரு கண்டா? அதுக்கப்பறம் சொல்ல வாய் வரல."

மைலோ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை. "சொல்லாதம்மா" என்றார் கடைசியில். "தோண்டுறது அங்க இல்லல. அவரு பத்திரமாத்தான் இருக்காரு. நிம்மதியா இருன்னு மட்டும் சொல்லிரு."

கேள்வி கேட்பது எனக்குப் பிடித்த வேலை. கிடைத்த பதிலை எங்கேயாவது திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாமா என்று தோன்றியது அன்றுதான். பிறைத் தொழிற்பேட்டையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே யோசித்தேன். அவர் சொன்னபடி பாதியை மட்டும் சொன்னால் அக்கா நிம்மதியாகத்தான் இருப்பாள். ஆனால் அடுத்த திதிக்கும் ஃபெர்ரியில் ஏறி வடக்குப் பக்கம் நின்று பூப்போடுவாள், நானும் தெரிந்துகொண்டே பக்கத்தில் நிற்பேன். அதை நினைத்தாலே எனக்குக் கூசியது. அத்தனை பேர் முன்னால் படத்துக்கு எதிரே நின்று தெரியாது என்று சொன்ன முகமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளைச் சுற்றி இருந்த எல்லோரும் அவளுக்கு எது நல்லது என்று முடிவு செய்தவர்கள்தான். நானும் அந்த வரிசையில் சேர வேண்டுமா?

ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வரும் நேரத்துக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். காரில் ஏறியதும் நல்லதை முதலில் சொன்னேன்: அத்தான் இருக்கிற இடத்தில் தோண்டவில்லை. பிறகு மீதியையும் சொன்னேன். அவள் கழுத்தில் மாட்டியிருந்த வேலை அட்டையைக் கழற்றிச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஆத்து வாய்லதான் இருக்காரு."

"ஆமாக்கா."

"இத்தன வருசமா நான் யாருக்குடி பூ போட்டேன்?"

அவள் அழுவாள் என்று பயந்து கைக்குட்டையைக்கூட எடுத்துவைத்திருந்தேன். அவளுக்கு வந்தது கோபம். நான் அவளிடம் அவ்வளவு கோபத்தைப் பார்த்ததே இல்லை.

"மழையாம். காத்தாம். வாந்தி எடுத்தாராம். என்னைய ஏத்திக்கிட்டுப் போயிருந்தா திருப்ப விட்டிருப்பனா? நான் புடிச்சிருப்பேன்டி அந்தப் பானைய. நெஞ்சோட கட்டிப் புடிச்சிருப்பேன். பொம்பளைங்க வரக்கூடாது, வீட்டக் கழுவுன்னாங்க. கழுவுனேன். கொட்டுற மழையில நின்னு வாசல கழுவிக்கிட்டு இருந்தேன். எவனாவது மழையில வாசல் கழுவுவானா? சொன்னாங்கன்னு செஞ்சேன்."

பக்கத்தில் நின்ற ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். குரலை இறக்கி, "பிறை அண்ணன்கிட்ட சொல்லு. வர்ற திதிக்கு போட் எடுக்கச் சொல்லு. நான் வரேன். நீயும் வா" என்றாள்.

அண்ணன் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மச்சானின் அதே படகைத் துடைத்துக் கழுவி, மிதவைச் சட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆற்றுக் கரையில் காத்திருந்தார். தூர்வாரும் வேலை அதற்குள் தொடங்கியிருந்தது. அன்று அந்தக் கப்பல் வடக்கே தள்ளிப் போயிருக்கும், முதல் போயா வரை தடையில்லை என்று விசாரித்தும் வைத்திருந்தார். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஆனாலும் விசாரித்துவைத்திருந்தார்.

அக்கா பஞ்சாபி உடையின் காலை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினாள். கையில் ஒரு பித்தளைச் செம்பு, பையில் பூ. ஆற்று வாய் வந்ததும் அண்ணன் எஞ்சினைக் குறைத்தார். தண்ணீர் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. டீசல் படலம் மின்னியது, ஒரு பிளாஸ்டிக் போத்தல் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டாள் அக்கா. அவர் வலது கையால் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் குனிந்து, படலத்தைக் கையால் விலக்கி, செம்பில் தண்ணீரை மொண்டாள். செம்பின் வாயைத் தன் துப்பட்டாவால் கட்டினாள். பூவைப் போடவில்லை.

"எதுக்குக்கா?" என்றேன். எனக்குப் புரியவில்லை.

"சொன்ன எடத்துல கொண்டு போயி விட வேணாமா?"

"அங்கதான தோண்டுறாங்க. அதுக்குத்தான இவ்வளவும்..."

"தோண்டட்டும். அவரும் அங்கதான வேல பாத்தாரு. ஆழக்கடல்ல கொண்டு போயி விடுவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல. போகட்டும். இங்க இந்தத் தண்ணியில கெடக்க வேணாம்."

செம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படகு வடக்கே திரும்பியது. ஃபெர்ரி ஒன்று எங்களுக்கு முன்னால் கடந்துபோனது. கம்பியருகே நின்றிருந்த ஒரு குழந்தை எங்களுக்குக் கை காட்டியது. கப்பல்துறையை ஒட்டிப் போகும்போது பாரந்தூக்கிகள் தலைக்கு மேல் நின்றன. எங்கள் கம்பெனிப் பெட்டி ஏதாவது தெரிகிறதா என்று நான் கழுத்தை வளைத்துத் தேடினேன். என் புத்தி அப்படி.

அதையும் தாண்டிய பிறகு தூரத்தில் தூர்வாரும் கப்பலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குழாயைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு நீளக் கோடு. சேறு நிரம்ப நிரம்பக் கப்பல் தண்ணீரில் இறங்குகிறது என்று அண்ணன் காட்டினார். முழுசாக நிரம்பியதும் குழாயைத் தூக்கிக்கொண்டு மேற்கே போய்விடுமாம், கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பி வருமாம். அதற்கும் வெளியே ஒரு சரக்குக் கப்பல் ஏற்றத்துக்காகக் காத்து நின்றது. பட்ஜெட் நாளிலிருந்து எதைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது அதைப் பற்றி ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் சிவப்பு மிதவை நான் நினைத்ததைவிடப் பெரியது, ஒரு சின்ன லாரி உயரம் இருந்தது. அடியில் சிப்பி அப்பியிருந்தது. அலை வரும்போதெல்லாம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அக்கா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாக அவள் கேள்விப்பட்டிருந்த இடம், அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். பிறகு துப்பட்டாவை அவிழ்த்து, செம்பைச் சாய்த்து, ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்ல மெல்ல ஊற்றினாள். கடைசியாகப் பூவைப் போட்டாள். அவள் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

தீவு மலைப் பக்கம் கறுத்துவந்தது. காற்று மாறி, தூறல் முகத்தில் விழ ஆரம்பித்தது. அண்ணன் வானத்தைப் பார்த்தார், பழக்கத்தில் கை எஞ்சினுக்குப் போனது.

"திருப்பாதீங்கண்ணே" என்றாள் அக்கா. "நனையட்டும்."